கை சொல்லும் கணக்கு

ரண சிகிச்சையின் சரித்திரத்தைப் புரட்டிப் பார்த்தால், ஒவ்வொரு சாதனமும் இன்ன ஆண்டில் வந்து சேர்ந்தது என்று குறித்து வைத்திருப்பதைக் காணலாம். ஈதர் என்னும் மயக்க மருந்தின் மகிமையை 1846-இல் பாஸ்டன் நகரத்து டாக்டர்கள் ஊரறியக் காட்டினார்கள். கார்பாலிக் திராவகத்தைக் கொண்டு புண் சீழ் பிடிக்காமல் காக்கும் முறையை லிஸ்டர் 1867-இல் வெளியிட்டார். உடம்பைத் திறக்காமலே எலும்பைப் பார்க்கும் எக்ஸ்-ரே கதிரை ராண்ட்ஜன் 1895-இல் கண்டுபிடித்தார். இவையெல்லாம் வந்து ஏறக்குறைய நூறு வருஷங்கள் கழித்துத்தான் இன்னொரு சாதனம் வந்து சேர்ந்தது. அதற்கு மின்சாரம் வேண்டாம். கொதிநீரில் போட்டு எடுக்கவும் வேண்டாம். ஒரு தாளும் பென்சிலும் இருந்தால் போதும். அது ஒரு கேள்வி. "அம்மா, ஆபரேஷன் ஆன பிறகு உங்களால் ஒரு ஜாடியின் மூடியைத் திருகித் திறக்க முடிகிறதா? சிரமமில்லாமல் முடிகிறதா, கொஞ்சம் சிரமப்பட்டு முடிகிறதா, முடியவே இல்லையா?" என்ற கேள்வி.

"இதென்ன வேடிக்கை! நோயாளியிடம் 'எப்படி இருக்கிறது?' என்று கேட்காத டாக்டரும் உண்டா?" என்று வாசகர்கள் கேட்கலாம். கேட்காமல் இல்லை, கேட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். நம் ஜனங்களும் பதில் சொல்லிக்கொண்டுதான் இருந்தார்கள். அந்தப் பதில் என்ன என்பதும் நமக்குத் தெரியும்: "தேவலை." இந்தத் 'தேவலை' இருக்கிறதே, இதைப் போல வளைந்து கொடுக்கிற சொல் தமிழில் வேறொன்று இருக்குமா என்பது சந்தேகம். நேற்றைக்கு இன்று பரவாயில்லை என்றும் அர்த்தம். உங்களிடம் சொல்லி என்ன ஆகப் போகிறது என்றும் அர்த்தம். இவ்வளவு பெரிய டாக்டரை எதற்கு வருத்தப்பட வைக்க வேண்டும் என்றும் அர்த்தம். டாக்டர் 'குணமாகிவிட்டது' என்று எழுதிக்கொள்வார். நோயாளி வீட்டுக்குப் போய், ஒரு சொம்புத் தண்ணீரைத் தூக்க முடியாமல் கீழே போடுவார்.

டாக்டர் எழுதிக்கொண்டதற்கும் நோயாளி வீட்டில் அனுபவித்ததற்கும் நடுவே கிடந்த தூரத்தை அளக்க முயன்றவர்களின் கதையைத்தான் இங்கே சொல்லப் போகிறேன். இது வைத்தியர்களுடைய விஷயம் ஆயிற்றே, கதை எழுதுகிறவனுக்கு இதில் என்ன வேலை என்று நினைக்க வேண்டாம். ஒருவன் தன்னைப் பற்றித் தானே சொல்லும் சொல்லை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பது கதை எழுதுகிறவர்களுக்கு அன்றாடப் பிரச்சினை.

முதலில் அயர்லாந்து தேசத்துக்குப் போவோம். டப்ளின் நகரத்தில் ஆபிரகாம் காலிஸ் என்ற ரண சிகிச்சை நிபுணர் இருந்தார். கால் இடறி விழுகிறவர்கள் கையை ஊன்றிக்கொள்வார்கள் அல்லவா? அப்போது மணிக்கட்டுக்குச் சற்று மேலே முன்கை எலும்பு முறிவதுண்டு. அந்த முறிவைப் பற்றி அவர் 1814-இல் ஒரு கட்டுரை எழுதினார். இன்றைக்கும் அதற்குக் 'காலிஸ் முறிவு' என்றே பெயர். எக்ஸ்-ரே வருவதற்கு 81 வருஷங்களுக்கு முன்னால், விரலால் தொட்டுப் பார்த்தே அவர் அதைக் கண்டறிந்தார் என்பது ஆச்சரியமான சங்கதி. அதைக் காட்டிலும் ஆச்சரியம், நோயாளிகளுக்கு அவர் சொன்ன ஆறுதல். முறிந்த இடம் கோணலாகவே ஆயுள் முழுவதும் இருந்தாலும், காலக்கிரமத்தில் அந்தக் கை தாராளமாக அசையும், வலியும் போய்விடும் என்று அவர் எழுதி வைத்தார்.

கோணல் வேறு, பயன் வேறு என்ற உண்மை அதில் அடங்கியிருக்கிறது. ஆனால் தீர்ப்புச் சொன்னவர் டாக்டர்தான். கைக்குச் சொந்தக்காரர் அல்ல. பிறகு எக்ஸ்-ரே வந்தது. வந்ததும் எல்லாருடைய கண்ணும் படத்தின் மேலே போய் உட்கார்ந்துகொண்டது. எலும்பு நேராகச் சேர்ந்திருந்தால் வெற்றி, கோணினால் தோல்வி. வயதானவர்களின் மணிக்கட்டு முறிவை ஆராய்ந்தவர்கள் பிற்காலத்தில் படத்தையும், நோயாளி தன் கைக்குத் தானே கொடுத்த மார்க்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். பல சமயங்களில் இரண்டும் ஒத்துப்போகவில்லை. படத்தில் கோணலாக இருந்த கை வீட்டு வேலையெல்லாம் செய்தது. படத்தில் அழகாக இருந்த கை மூலையில் முடங்கிக் கிடந்தது. காலிஸ் சொன்ன ஆறுதலில் பாதிக்கு மேல் உண்மை இருந்தது என்று தெரிய, ஜனங்களைக் கேட்க வேண்டியிருந்தது.

கேட்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்த மனிதர் ஒருவர் பாஸ்டனில் இருந்தார். எர்னெஸ்ட் அமோரி காட்மன் என்று பெயர். 1869-இல் பிறந்தவர், நல்ல குடும்பம், நல்ல படிப்பு, பேர்பெற்ற மாஸச்சூஸெட்ஸ் ஜெனரல் ஆஸ்பத்திரியில் உத்தியோகம். வாயை மூடிக்கொண்டிருந்தால் சௌக்கியமாக வாழ்ந்திருக்கலாம். அவருக்கு அது முடியவில்லை. ஒவ்வொரு நோயாளிக்கும் ஒரு அட்டை போட்டார். என்ன கஷ்டத்தோடு வந்தார், என்ன வியாதி என்று எண்ணினோம், என்ன செய்தோம், என்ன சிக்கல் வந்தது என்றெல்லாம் அதில் எழுதினார். அதோடு நிற்காமல், ஒரு வருஷம் கழித்து அந்த மனிதர் எப்படி இருக்கிறார் என்று விசாரித்து அதையும் எழுதினார். இதற்கு 'இறுதிப் பலன்' கொள்கை என்று பெயர் வைத்தார். சிகிச்சை பலித்ததா, பலிக்காவிட்டால் ஏன் பலிக்கவில்லை என்பதை ஒவ்வொரு ஆஸ்பத்திரியும் கண்டுபிடித்து வெளியிட வேண்டும் என்பது அவர் கட்சி.

மளிகைக் கடைக்காரன்கூடச் செய்கிற காரியம் இது. வருஷக் கடைசியில் லாபமா நஷ்டமா என்று பார்க்காத கடை உண்டா? ஆனால் டாக்டர்களுக்கு இது பிடிக்கவில்லை. அந்த ஆஸ்பத்திரியில் திறமையைப் பார்க்காமல் வயது மூப்பைப் பார்த்துப் பதவி கொடுக்கிறார்கள் என்று காட்மன் 1914-இல் ராஜினாமா செய்தார். மறு வருஷம் ஜனவரி 6-ஆம் தேதி, பாஸ்டன் வைத்திய நூல் நிலையத்தில் கூட்டிய ஒரு கூட்டத்தில், பெரிய கேலிச் சித்திரம் ஒன்றைத் திறந்து காட்டினார். அதில் ஒரு நெருப்புக் கோழி மணலில் தலையைப் புதைத்துக்கொண்டிருக்கிறது; பின்னால் தங்க முட்டைகளை டாக்டர்கள் பக்கம் உதைத்துத் தள்ளுகிறது. கோழி என்பது பணக்காரப் பேட்டையில் வாழும் நோயாளிகள். கோழி தலையைத் தூக்கி உண்மையைப் பார்த்துவிட்டால் தொடர்ந்து முட்டையிடுமா என்று பெரிய மனிதர்கள் யோசனை செய்துகொண்டிருக்கிறார்கள். சபையில் எவ்வளவு கோபம் மூண்டிருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. வைத்திய சங்கத்தில் அவர் வகித்த தலைமைப் பதவியும் போயிற்று.

காட்மன் மற்றவர்களை மட்டும் குற்றம் சொல்லவில்லை. 1911-இல் சொந்தமாக ஒரு சிறு ஆஸ்பத்திரி தொடங்கியிருந்தார். 1911-க்கும் 1916-க்கும் இடையே அங்கிருந்து வெளியேறிய 337 நோயாளிகளின் கணக்கை அச்சடித்து வெளியிட்டார். அதில் 123 தவறுகள் நேர்ந்ததாகத் தாமே எண்ணிச் சொன்னார். தம்முடைய தவறுகளை எண்ணி, அச்சுக் கூலியும் கொடுத்து ஊருக்கு விநியோகித்த டாக்டரை நான் வேறெங்கும் படித்ததில்லை. பிறகு தோள்மூட்டைப் பற்றி 1934-இல் அவர் எழுதிய பெரிய புத்தகம், கையைத் தூக்க முடியாமல் தவிக்கிறவர்களின் சாஸ்திரத்துக்கே அஸ்திவாரமாயிற்று. 1940-இல் காலமானார். அவருடைய சமாதிக்குப் பெயர் பொறித்த கல் ஒன்று வைக்க 2014 வரையில் ஆயிற்று.

காட்மன் பலனைக் கேட்கச் சொன்னார். ஆனால் 'பலன்' என்றால் எது, யாருடைய பலன் என்ற கேள்வி அவருக்குப் பிறகும் மிச்சம் இருந்தது. அந்தக் கேள்வி நம்முடைய தமிழ்நாட்டு மண்ணிலேயே ஒரு முறை மிகக் கடுமையாக எழுந்தது.

கொல்லிமலையில் மிஷனரித் தம்பதிகளுக்கு 1914-இல் ஒரு பிள்ளை பிறந்தது. பால் பிராண்ட் என்று பெயர். லண்டனில் ரண சிகிச்சை படித்துவிட்டு 1946-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். செங்கற்பட்டில் தொழுநோயாளிகள் இல்லத்தைப் பார்க்கப் போனபோது, விரல்கள் பறவை நகம் போல மடங்கிப் போன ஒருவரிடம், தம் கையைப் பிடித்து அழுத்தும்படி சொன்னார். அந்த மனிதர் அழுத்திய அழுத்தில் டாக்டருக்கே வலி தாங்கவில்லை! செத்துப் போன கை என்று எல்லாரும் எண்ணியிருந்த கையில் இவ்வளவு வலிமை இருக்கிறதே என்று அவர் யோசித்தார். நரம்பு கெட்டதால் சில தசைகள் மட்டுமே ஓய்ந்திருந்தன. மற்றவை நன்றாகவே இருந்தன. நல்ல தசையின் நாரைப் பிரித்து, ஓய்ந்த தசையின் வேலைக்கு மாற்றி வைத்துத் தைத்தால் என்ன? அப்படியே செய்தார். மடங்கிய விரல்கள் நிமிர்ந்தன. உலகத்து டாக்டர்கள் வேலூரைத் திரும்பிப் பார்த்தார்கள்.

வெற்றி என்றால் இதுவல்லவா வெற்றி! ஆனால் ஆபரேஷன் ஆகிப் போனவர்களில் சிலர், கொஞ்ச நாளில் மெலிந்து போய்த் திரும்பி வந்தார்கள். கை நேராகத்தான் இருந்தது. அவர்கள் முறையிட்டது வேறு: இந்தக் கை பிச்சைக்கு லாயக்கில்லை என்றார்கள். மடங்கிய விரலைப் பார்த்தால் இரங்கிக் காசு போடுவார்கள். நேரான விரலைப் பார்த்து யார் இரங்குவார்கள்? சரி, வேலை செய்து பிழைக்கலாம் என்றால், நோயின் தழும்பைப் பார்த்தவர்கள் வேலை கொடுக்கவில்லை; குடியிருக்க இடமும் கொடுக்கவில்லை. டாக்டரின் கணக்கில் முழு மார்க் வாங்கிய கை, சொந்தக்காரனின் கணக்கில் பூஜ்யம். பிராண்ட் அந்த முறையீட்டைத் தள்ளிவிடவில்லை. ஆஸ்பத்திரிக்குப் பக்கத்திலேயே குடிசைகள் போட்டு, தச்சு முதலிய தொழில்களைக் கற்றுக் கொடுக்க ஏற்பாடு செய்தார். விரலை நிமிர்த்துவதோடு தம் வேலை தீரவில்லை என்பதை அவருக்குக் கற்பித்தவர்கள் அந்தப் பிச்சைக்காரர்கள்தாம்.

இதற்கிடையில் மேல்நாட்டில் டாக்டர்கள் மார்க் போடும் முறைகளை ஒவ்வொன்றாகச் செய்துகொண்டிருந்தார்கள். கார்ட்லண்டு, வெர்லி என்ற இருவர் 1951-இல் மணிக்கட்டு முறிவுக்கு ஒரு முறை வகுத்தார்கள். கோணலுக்கு இத்தனை, விறைப்புக்கு இத்தனை என்று குறை மார்க்குகள். நோயாளி சொல்வதற்கும் அதில் கொஞ்சம் இடம் உண்டு. ஆனால் பேனா டாக்டர் கையில். தோள்மூட்டுக்காக 1987-இல் கான்ஸ்டன்ட் என்பவர் வெளியிட்ட முறையில் மொத்தம் 100 மார்க். வலிக்கு 15, அன்றாட வேலைக்கு 20. இந்த 35-ம் நோயாளியின் வாக்கைப் பொறுத்தவை. மீதி 65-ம் கை எவ்வளவு தூரம் எழும்புகிறது, எவ்வளவு பலம் இருக்கிறது என்று டாக்டர் அளந்து போடுவது. சொந்தக்காரனுக்கு மூன்றில் ஒரு பங்கு பாத்தியதை கிடைத்ததே என்று சந்தோஷப்பட வேண்டியதுதான்.

பேனாவை முழுக்க நோயாளியிடமே கொடுத்துவிடும் முறை 1990-களில் வந்தது. அவற்றில் பேர்பெற்றது 1996-இல் வெளியான 'டாஷ்' என்னும் கேள்விப் பட்டியல். புஜம், தோள், கை ஆகியவற்றின் இயலாமை என்று பொருள்படும் ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துக்கள் சேர்ந்தது அந்தப் பெயர். கனடாவில் டொராண்டோ நகரத்து ஆராய்ச்சி நிலையம் ஒன்றும், அமெரிக்க எலும்பு சிகிச்சை நிபுணர்களின் சங்கமும் கூடிச் செய்தவை இந்தக் கேள்விகள். ஏற்கெனவே வழக்கத்தில் இருந்த பட்டியல்களிலிருந்து 821 கேள்விகளைத் திரட்டி, சலித்துச் சலித்துக் கடைசியில் 30 கேள்விகளாக்கினார்கள். எழுதுவது, சாவியைத் திருப்புவது, சமைப்பது, கனமான கதவைத் தள்ளுவது, தலைக்கு மேலே உள்ள அலமாரியில் ஒரு சாமானை வைப்பது, முதுகு தேய்த்துக் குளிப்பது, இரவில் தூங்குவது என்று எல்லாம் வீட்டுச் சங்கதி. ஒவ்வொன்றுக்கும் கடந்த ஒரு வாரத்து அனுபவத்தை வைத்து 1 முதல் 5 வரை மார்க். சிரமமே இல்லை என்றால் 1. முடியவே இல்லை என்றால் 5.

கணக்கு மிகவும் எளிது. 30 கேள்விக்கும் ஒருவர் கொடுத்த மார்க்குகளின் கூட்டுத்தொகை 75 என்று வைத்துக்கொள்ளுங்கள். 30-ஆல் வகுத்தால் 2.5. அதில் 1-ஐக் கழித்தால் 1.5. அதை 25-ஆல் பெருக்கினால் 37.5. பூஜ்யம் என்றால் கையில் குறையே இல்லை. 100 என்றால் கை இருந்தும் இல்லாதது போல. ஆபரேஷனுக்கு முன்னால் 60, ஆறு மாதம் கழித்து 20 என்றால் சிகிச்சை பலித்தது என்று சொல்லலாம். மூன்று கேள்விகளுக்கு மேல் விடுபட்டால் கணக்குச் செல்லாது. இவ்வளவும் நிரப்ப அலுப்பாக இருக்கிறது என்கிறவர்களுக்காக 2005-இல் 11 கேள்விகள் கொண்ட சுருக்கப் பட்டியலும் வந்தது.

"ஜனங்கள் கொஞ்சம் கூட்டியும் குறைத்தும் சொல்வார்களே?" என்ற ஆட்சேபம் உண்டு. நியாயமான ஆட்சேபந்தான். மனம் சோர்ந்தவர்கள் தங்கள் கைக்கு மோசமான மார்க் போடுகிறார்கள் என்று ஆராய்ச்சிகளே காட்டியிருக்கின்றன. அமெரிக்காவில் சாதாரண ஜனங்களைக் கேட்டுப் பார்த்தபோதே சராசரி பூஜ்யமாக இல்லை. சுமார் 10 வந்தது. ஆகையால் பத்துப் பதினைந்து மார்க் மாறினால்தான் கையில் உண்மையான மாற்றம் ஏற்பட்டதாகப் பொதுவாக எடுத்துக்கொள்கிறார்கள். ஆனால் சோர்ந்த மனத்துக்கும் கைக்கும் சம்பந்தமில்லை என்று யார் சொன்னது? நம்பிக்கை இழந்தவன் கையை நீட்டிப் பார்க்கவே மாட்டான். நீட்டாத கை விறைத்துத்தான் போகும்.

எனக்கு இருந்த சந்தேகம் வேறு. இந்தப் பட்டியல் ஒரு விதி வைத்திருக்கிறது: எந்தக் கையால் அந்தக் காரியத்தைச் செய்தீர்கள் என்பது முக்கியமில்லை; செய்ய முடிந்ததா என்பதே கேள்வி. மேல்நாட்டாருக்கு இது பொருத்தமாக இருக்கலாம். நமக்கு?

எங்கள் உறவில் ஒரு சித்தி இருந்தாள். கொல்லைப்புறத்தில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டு முறிந்து, தகடு வைத்து ஆபரேஷன் செய்தார்கள். எக்ஸ்-ரே படம் பார்க்க வெகு லட்சணமாக இருந்தது. டாக்டருக்குத் திருப்தி. சித்தியும் "தேவலை" என்றாள். ஆனால் ஒரு வருஷமாக அவள் எந்தக் கல்யாணத்துக்கும் வரவில்லை. அழைக்கப் போனவர்களிடம் ஏதேதோ காரணம் சொன்னாள். கடைசியில் அவளுடைய மகள்தான் சொன்னாள்: அம்மாவுக்கு ரசஞ்சாதம் கையில் நிற்பதில்லை. விரல்கள் குவியவில்லை, இலையிலிருந்து வாய்க்குப் போவதற்குள் பாதி ஒழுகிவிடுகிறது. இடது கையால் சாப்பிடச் சித்திக்கு மனம் ஒப்பவில்லை. எல்லாரும் சாப்பிட்டு முடித்த பிறகு, அடுக்களைக் கதவைச் சாத்திக்கொண்டு, கரண்டியால் தனியாகச் சாப்பிடுகிறாள். பந்தியில் நாலு பேர் நடுவே உட்காருவது எப்படி?

"எந்தக் கையாயிருந்தால் என்ன?" என்று சித்தியிடம் யாராவது கேட்டிருந்தால் அவள் என்ன பதில் சொல்லியிருப்பாள்! ஆனால் அதே பட்டியலை மேலே படித்துக்கொண்டு போனேன். உறவினர், நண்பர், அண்டை அயலாரோடு பழகுவதற்கு உங்கள் கை எவ்வளவு தடையாக இருக்கிறது என்றும் ஒரு கேள்வி இருக்கிறது. சித்தி அதற்கு நேராக 5 என்று வட்டமிட்டிருப்பாள். அதைப் பார்க்கிற டாக்டர் ஏன் என்று விசாரித்திருப்பார். மேலும், 1998-இல் மிச்சிகன் பல்கலைக் கழகத்தார் வெளியிட்ட வேறொரு பட்டியல் வலது கையையும் இடது கையையும் தனித்தனியே விசாரிக்கிறது. கையின் தோற்றத்தைப் பற்றிக்கூடக் கேட்கிறது.

இந்தப் பட்டியல்களை வேறு மொழிக்குக் கொண்டு போகும்போது வெறுமே சொல்லுக்குச் சொல் மாற்றினால் போதாது என்பதையும் செய்தவர்கள் உணர்ந்திருக்கிறார்கள். இருவர் தனித்தனியே மொழிபெயர்த்து, அதை மற்றவர்கள் மறுபடி ஆங்கிலத்துக்குத் திருப்பி, குழுவாக உட்கார்ந்து ஒப்பிட்டு, சில நோயாளிகளிடம் கேட்டுப் பார்த்து, அதன் பிறகே ஏற்றுக்கொள்ள வேண்டும் என்று முறை வைத்திருக்கிறார்கள். ஐம்பதுக்கு மேற்பட்ட மொழிகளில் டாஷ் இவ்வாறு போயிருக்கிறது. ஸ்வெட்டரையும் கோல்ப் ஆட்டத்தையும் பற்றிய கேள்வியை அரிவாள்மணையும் தேங்காய்த் துருவலும் உள்ள வீட்டில் கேட்பதற்கு அவ்வளவு சிரத்தை வேண்டியதுதான்.

இன்னொரு சங்கதி. தொழுநோய் தாக்கிய கையில் உணர்ச்சி இராது, வலியும் இராது. வலி உண்டா என்று கேட்டால், அடுப்பில் சுட்டுக்கொண்டிருக்கிற கைகூட 'இல்லை' என்றே பதில் சொல்லும். அதிக அபாயத்தில் இருக்கும் கைக்கு அதிக நல்ல மார்க் கிடைத்துவிடும்! ஆகையால் அப்படிப்பட்டவர்களுக்கென்றே 20 கேள்விகள் கொண்ட தனிப் பட்டியல் ஒன்றை 2007-இல் வெளியிட்டார்கள். இந்தியாவும் பிரேஸிலும் சீனாவும் அதன் ஆராய்ச்சியில் பங்கு கொண்டன. ஒரு காரியத்தைச் செய்ய முடிகிறதா என்பதோடு, அதைச் செய்யும்போது காயம் படாமல் இருக்க ஜாக்கிரதையாக இருக்கிறீர்களா என்றும் அது கேட்கிறது. செங்கற்பட்டில் டாக்டர் பிராண்டின் கையை வலிக்க வலிக்க அழுத்திய மனிதருக்குத் தாம் எவ்வளவு அழுத்துகிறோம் என்பதே தெரிந்திராது. அவரைப் போன்றவர்களுக்கு ஏற்ற கேள்வி வந்து சேர இத்தனை காலம் ஆயிற்று.

வாசகர்களில் யாருக்காவது, அல்லது அவர்கள் வீட்டுப் பெரியவர்களுக்காவது, கையில் ஆபரேஷன் ஆகும் சந்தர்ப்பம் வரலாம்; வராமல் இருந்தால் சந்தோஷம். வந்தால் ஒரு காரியம் செய்யுங்கள். ஆபரேஷனுக்கு முந்தின வாரமே ஒரு தாளில், கையால் எதெது முடிகிறது, எதெது முடியவில்லை என்று எழுதி வையுங்கள். முன்கணக்கு இல்லாமல் பின்கணக்குப் பார்க்க முடியாது. மூன்று மாதமும் ஆறு மாதமும் கழித்து அதே தாளை எடுத்துப் பாருங்கள். டாக்டர் "எப்படி இருக்கிறது?" என்று கேட்டால் "தேவலை" என்று மட்டும் சொல்லாதீர்கள். துணி பிழிய முடியவில்லை, பஸ்ஸில் கம்பியைப் பிடிக்க முடியவில்லை, ரசஞ்சாதம் ஒழுகுகிறது என்று சொல்லுங்கள். நல்ல டாக்டராயிருந்தால் அதைக் கேட்டுக் கோபித்துக்கொள்ள மாட்டார், எழுதிக்கொள்வார்.